கப்பல் விலகிப் போகும், தீவு எங்கே போகும்?

2024 ஜூன் 29 ராத்திரி என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் யோசிக்காம சொல்லிடுவாங்க. பார்படோஸ் தீவு, கென்சிங்டன் ஓவல், டி20 உலகக் கோப்பை ஃபைனல், கடைசி ஓவர்ல சூர்யகுமார் எல்லைக்கோட்டுல பிடிச்ச அந்த கேட்ச். எங்க ரூம்ல அன்னைக்கு யாரும் தூங்கலை. கீழ் வீட்டு மாமா மேல வந்து கத்துவார்னு பார்த்தா, அவரும் எங்களோட சேர்ந்து கத்தினார்.

அப்புறம் என்ன ஆச்சுன்னும் ஞாபகம் இருக்கும். டீம் உடனே திரும்பி வர முடியலை. புயல் வருதுன்னு ஏர்போர்ட்டை மூடிட்டாங்க, ஹோட்டலுக்குள்ளயே இருந்தாங்க. கடைசியில ஏர் இந்தியா தனி விமானம் போய் கூட்டிட்டு வந்து, ஜூலை 4 காலையில டெல்லியில இறங்கினாங்க. அந்த நாலு நாளும் நாம மீம்ஸ் போட்டுக்கிட்டு இருந்தோம். நானும்தான்.

அந்தப் புயலோட பேர் பெரில். இதுல பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அது பார்படோஸை நேரா அடிக்கவே இல்லை. தெற்கே தள்ளிப் போயிடுச்சு. அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தென்மேற்கே கேரியக்கூன்னு ஒரு குட்டித் தீவு. கிரெனடா நாட்டைச் சேர்ந்தது. மொத்தப் பரப்பே 34 சதுர கிலோமீட்டர்தான். ஜூலை 1 காலை 11 மணி சுமாருக்கு, மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றோட பெரில் அந்தத் தீவு மேலயே ஏறிப் போச்சு. பக்கத்து யூனியன் தீவையும் சேர்த்து, பத்துல ஒன்பது கட்டடத்துக்கு மேல சேதம்.

எனக்கு இதெல்லாம் அப்போ தெரியாது. எங்க பெரியப்பா மகன் சொல்லித்தான் தெரியும். அண்ணன் ஒரு க்ரூஸ் கப்பல்ல சமையல் பிரிவுல இருக்கார். அந்த வாரம் கரீபியன் கடல்லதான் இருந்தார். நான் மெசேஜ்ல, "அண்ணே, ரோஹித்தைப் பார்த்தியா?"ன்னு ஜோக்கா கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "டேய் தம்பி, நாங்க ரூட் மாத்திட்டோம், எங்களுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா என் கேபின்ல இருக்கிறவன் வீட்டுக்கு ஃபோனே போகலை"ன்னு சொன்னார். அந்தக் கேபின்காரரைப் பத்தி அப்புறம் சொல்றேன். முதல்ல "ரூட் மாத்திட்டோம்"ங்கிற அந்த ஒரு வார்த்தையைப் பார்ப்போம்.

என் வேலை என்னன்னு ரெகுலரா கேட்கிறவங்களுக்குத் தெரியும். ஒரு சர்வர் படுத்துடுச்சுன்னா, அங்க போற ட்ராஃபிக்கை இன்னொரு ரீஜனுக்குத் திருப்பி விடுற சிஸ்டத்தைப் பார்த்துக்கிறது. க்ரூஸ் கம்பெனி புயலைப் பார்க்கிறது கிட்டத்தட்ட அதே மாதிரிதான். மியாமில இருக்கிற அமெரிக்க தேசிய சூறாவளி மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை விடும். கரைக்கு எச்சரிக்கை கொடுத்தாச்சுன்னா மூணு மணிக்கு ஒருமுறை. அதுல ஒரு படம் வருமே, ஐஸ்க்ரீம் கோன் மாதிரி வெள்ளையா விரிஞ்சுக்கிட்டே போறது, அதை நிறைய பேர் தப்பாதான் படிக்கிறோம். புயல் எவ்வளவு பெருசுன்னு அது காட்டலை. மையம் எந்த வழியா போகலாம்னு மட்டும் காட்டுது. போன அஞ்சு வருஷத்துல அவங்க கணிப்பு எவ்வளவு தூரம் தப்பிச்சுன்னு கணக்கு போட்டு, மூணுல ரெண்டு தடவை உள்ளே அடங்குற மாதிரி வட்டம் போடுறாங்க. அப்போ மூணுல ஒரு தடவை அந்த அளவையும் தாண்டுதுன்னு அர்த்தம். என் கம்பெனியில இந்த லட்சணத்துல ஒரு அலர்ட் சிஸ்டம் கொண்டு போனா மேனேஜர் சிரிப்பார். ஆனா வானிலையில இது பெரிய சாதனை.

கப்பல் கேப்டன்களுக்கு இதுக்கு மேல ஒரு கட்டைவிரல் கணக்கு இருக்கு, ஒன்று-இரண்டு-மூன்று விதி. புயல்ல 34 நாட் காற்று, அதாவது மணிக்கு 63 கிலோமீட்டர், எவ்வளவு தூரம் வரைக்கும் வீசுதோ அதை எடுத்துக்கணும். ஒரு நாள் கழிச்சு வரப்போற இடத்துக்கு அதோட 100 நாட்டிக்கல் மைல் கூட்டணும், ரெண்டு நாளுக்கு 200, மூணு நாளுக்கு 300. அந்த எல்லைக்குள்ள கப்பல் மூக்கை நுழைக்கக் கூடாது. அப்போ மூணு நாளைக்கு முன்னாடியே முடிவு எடுத்தாகணும். பெரிய க்ரூஸ் கப்பல் 20 நாட் சொச்சம் போகும். பல புயல்கள் அதுல பாதி வேகத்துலதான் நகரும், சுலபமா தாண்டிடலாம். பெரில் அப்படி இல்லை, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல ஓடின புயல். கிட்ட வரட்டும் பார்த்துக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை.

துறைமுகமும் காத்திருக்காது. நம்ம ஊர்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு, மூணாம் நம்பர் கூண்டுன்னு ஏத்துற மாதிரி, அமெரிக்கத் துறைமுகங்கள்ல விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஸூலுன்னு நாலு நிலை. பலத்த காற்று வர 72 மணி நேரம் இருக்கும்போது விஸ்கி, 48ல எக்ஸ்ரே, 24ல யாங்கி. யாங்கி வந்தாலே உள்ளே வர்ற கப்பலை நிறுத்திடுவாங்க. 12 மணி நேரத்துல ஸூலு, துறைமுகம் மொத்தமா மூடல். கட்டிப் போட்ட கப்பல் காற்றுல பாலத்தை இடிக்கும், கயிறு அறுக்கும். அதனால பெரிய கப்பலுக்குப் புயல் நேரத்துல நடுக்கடல்தான் பத்திரம். ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள்ல துறைமுகம் மூடியிருந்தா, பயணிகள் கூட ஒரு நாளோ ரெண்டு நாளோ கடல்லயே இருக்க வேண்டியதுதான்.

உள்ளே எப்படி இருக்கும்னு அண்ணன்கிட்ட கேட்டேன். நீச்சல் குளத்துத் தண்ணியை இறக்கிடுவாங்களாம். டெக்ல இருக்கிற சாய்வு நாற்காலி எல்லாத்தையும் கட்டி வைப்பாங்க. லிஃப்ட் பக்கத்துல வாந்தி எடுக்கிற கவர் செருகி வைப்பாங்க. கரையில இறங்காத நாள்னா மூணாயிரம் பேரும் மூணு வேளையும் உள்ளேயே சாப்பிடுவாங்க, கிச்சனுக்கு இடுப்பு ஒடியும். அண்ணன் இருந்த கப்பல் ஜமைக்காவையும் கேமன் தீவையும் விட்டுட்டு வடக்கே பஹாமாஸ் பக்கம் திரும்பிடுச்சு. கேப்டன் அறிவிச்சதும் டைனிங் ஹால்ல ஒரே முணுமுணுப்பாம். கேமன்ல திருக்கை மீனைத் தொட்டுப் பார்க்கக் காசு கட்டியிருந்தவங்க பாவம், கோபப்பட்டாங்க. நான் அவங்களைக் குறை சொல்லலை. ஒரு வருஷம் சேர்த்து வெச்சு வந்திருப்பாங்க.

ஆனா அந்தக் காசுக் கணக்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. டிக்கெட் ஒப்பந்தத்துலயே, எந்தத் துறைமுகத்தையும் மாத்த கம்பெனிக்கு உரிமை உண்டுன்னு எழுதியிருக்கும். போகாத துறைமுகத்துக்கான வரி, கட்டணம் வழக்கமா பயணியோட கணக்குல திரும்பி வந்துடும். கப்பல்ல இருக்கிற கடையும் பாரும் அன்னைக்கு நல்லாவே ஓடும். தீவுல தலைக்கு இவ்வளவுன்னு வாங்குற வரி அரசாங்கத்துக்கு வராது. கப்பலை நம்பி வேன் வெச்சிருக்கிறவர், தேங்காய் வெட்டி விக்கிறவர், ஜடை பின்னி விடுற அக்கா, இவங்களுக்கு அந்த நாள் காலி. புயல் கடைசியில திசை மாறிப் போனாலும் அந்த நாள் காலிதான்.

அடிச்சுட்டா? அங்கதான் கேரியக்கூவுக்கு வரணும். அது பெரிய க்ரூஸ் கப்பல் வர்ற இடமில்லை, பாய்மரப் படகுகள் வர்ற தீவு. மரப்படகு கட்டுற கலைக்காக 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின ஊர். பெரில் ஜூன் 28 சாயங்காலம் வெறும் தாழ்வு மண்டலம். ஜூன் 30 மதியத்துக்குள்ள கேட்டகரி 4. ரெண்டு முழு நாள்கூட ஆகலை. ஜூன் மாசத்துல அட்லாண்டிக்ல அவ்வளவு பலமான புயல் அதுக்கு முன்னாடி பதிவானதே இல்லை. ஜூலை 2ல கேட்டகரி 5 ஆயிடுச்சு, அதுவும் அவ்வளவு சீக்கிரமா வந்த முதல் புயல்.

முதல் அறிக்கையிலிருந்து கரை ஏறுற வரைக்கும் மூணு நாள்கூட இல்லை. ஒரு கப்பலுக்கு அது திரும்பிப் போகப் போதுமான நேரம். ஒரு தீவுக்கு? ஃபெர்ரி நிக்கும், சரக்குப் படகு நிக்கும், சின்ன ஏர்போர்ட் மூடும். ஜன்னலுக்குப் பலகை அடிக்கணும், படகை அலையாத்திக் காட்டுக்குள்ள கொண்டு போய்க் கட்டணும். அந்தத் தடவை அலையாத்திக் காட்டுக்குள்ள கட்டின படகுகளும் தப்பலை, ஒண்ணு மேல ஒண்ணா குவிஞ்சு கிடந்துச்சு.

நான் படிச்சதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது தண்ணி விஷயம். கேரியக்கூல ஆறு கிடையாது. கூரையில விழுற மழைத்தண்ணியைக் குழாய் வெச்சு வீட்டோட இருக்கிற தொட்டியில சேர்த்துதான் வருஷம் பூரா பலரும் குடிக்கிறாங்க. அப்போ கூரை பறந்துச்சுன்னா நிழல் மட்டும் போகலை, தண்ணியும் போச்சு. தொட்டி முழுசா இருந்தாலும், அதை அடுத்து நிரப்ப வழியில்லை. எங்க பாஷையில சொன்னா ஒரே பாயின்ட்ல எல்லாம் தொங்கிட்டு இருக்கு. அதை டிசைன் பண்ணினவனைத் திட்ட முடியாது, அந்தத் தீவுல வேற வழியே இல்லை.

இன்னொண்ணு. கப்பல் எப்பவும் தப்பிச்சுடும்னு நான் சொல்ற மாதிரி இருந்தா, அது தப்பு. 1998 அக்டோபர்ல ஃபான்டோம்னு நாலு பாய்மரம் கொண்ட ஒரு க்ரூஸ் கப்பல் இருந்துச்சு. மிட்ச் புயல் வருதுன்னு பெலீஸ் நகரத்துல பயணிகளை எல்லாம் இறக்கி விமானத்துல அனுப்பிட்டாங்க. ஊழியர்கள் 31 பேரோட கப்பல் தப்பிச்சுப் போகப் பார்த்தது. வடக்கே திரும்பும்னு எதிர்பார்த்த புயல் தெற்கே வந்துடுச்சு. ஹோண்டுராஸ் பக்கத்துல ஒரு தீவோட மறைவுல ஒதுங்கப் பார்த்தாங்க. அக்டோபர் 27க்கு அப்புறம் தகவலே இல்லை. மிதவைகளும் லைஃப் ஜாக்கெட்டும்தான் கிடைச்சுது. இறந்தவங்கள்ல பலர் கரீபியன், மத்திய அமெரிக்கா பக்கத்துக்காரங்க. இன்னைக்குக் கணிப்பு அப்போதைக்கு எவ்வளவோ மேல். ஆனாலும் அண்ணன் கப்பல்ல இருக்கிற நாள்ல, அந்த வெள்ளைக் கோனை நான் முன்ன மாதிரி பார்க்கிறதில்லை.

இப்போ அந்தக் கேபின்காரர். ஜமைக்காக்காரர், தெற்குக் கரையில செயின்ட் எலிசபெத் மாவட்டம். நாட்டுக்கே காய்கறி விளையுற பகுதி அது. ஜூலை 3ல பெரில் கேட்டகரி 4 பலத்தோட ஜமைக்காவோட தெற்குக் கரையை ஒட்டியே போச்சு. அடி அதிகம் விழுந்தது அந்த மாவட்டத்துலதான். கப்பல் அப்போ நூத்துக்கணக்கான மைல் தள்ளி, அமைதியான கடல்ல, மேல டெக்ல பாட்டு போட்டுக்கிட்டு இருந்துச்சு. இவர் சாப்பாட்டு மேஜையில பரிமாறுறவர். ஒரு டேபிள்ல, "ஜமைக்கா மிஸ் ஆயிடுச்சே"ன்னு அலுத்துக்கிட்டவங்களுக்கு, "அடுத்த தடவை கண்டிப்பா வாங்க, அழகான ஊரு"ன்னு சிரிச்சுட்டு வந்தாராம். கேபினுக்கு வந்து அம்மா நம்பரை அடிப்பார், போகாது. அண்ணன் தன்னோட இன்டர்நெட் பேக்கையும் அவருக்கே குடுத்துட்டார். எனக்கு ரெண்டு நாள் பதில் வராததுக்கு அதான் காரணம்.

அஞ்சாவது நாள் பக்கத்து ஊர்ல சிக்னல் இருந்த இடத்துக்கு நடந்து வந்து அவர் தம்பி பேசினார். அம்மா சர்ச்சுல இருக்காங்க, கூரை பாதி இல்லை, வெங்காயம் போட்டிருந்த நிலம் பூரா உப்புத் தண்ணி.

ரெண்டு வாரம் கழிச்சு அவங்க கப்பல் மறுபடி ஜமைக்கா போச்சு. முக்கியமான க்ரூஸ் துறைமுகங்கள் வடக்குக் கரையில, அங்க சேதம் கம்மி, சீக்கிரமே திறந்துட்டாங்க. இவருக்கு ட்யூட்டிக்கு நடுவுல கிடைச்சது நாலு மணி நேரம். மலையைத் தாண்டி தெற்கே போய்த் திரும்பி வரக் கட்டாது. அதனால தம்பி விடிகாலையில கிளம்பி துறைமுக கேட்டுக்கு வந்துட்டார். அண்ணனும் கூட இறங்கினார். ரெண்டு பேருமா கடையில தார்ப்பாய், ஆணி, ஒரு சோலார் விளக்கு வாங்கி, மிச்சச் சம்பளத்தோட தம்பி கையில குடுத்திருக்காங்க. கேட்டுக்கு வெளியே ஒரு சுவர் மேல மூணு பேரும் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிட்டாங்களாம். ரெண்டு மணிக்கு அவருக்கு டேபிள் போடணும்.

அவ்வளவுதான் இந்த வாரம். கடலூர், நாகை பக்கம் இதைக் கேட்கிறவங்க, உங்க ஊர்ல கூண்டு ஏத்தினா முதல்ல என்ன பண்ணுவீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் போடலாம்னு இருக்கேன்.