ஓவியர் வாங்கிய நிலம்



நம் படிப்பகத்திற்குப் பொருள் திரட்டக் கலைக் காட்சி நடத்துவோம் என்றபோது சிலர் நகைத்தனர். 'படம் பார்ப்பான், பணம் தருவானா?' என்றனர். அவர்க்கு ஒன்று சொல்வேன்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்தவர் கே.சி.எசு. பணிக்கர். அங்குப் பயின்ற இளைஞர்க்கு ஓவியம் விற்று வாழ வழியில்லை. வேறு வேலைக்குப் போனாலோ கைத்திறன் மங்கிவிடும். அவர்கள் எவரிடமும் கையேந்தவில்லை. துணியில் உருக்கிய மெழுகால் கோலமெழுதிச் சாயத்தில் தோய்த்தனர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் மெழுகை நீக்கினால் கோலம் விளங்கும். பாத்திக்கு என்பது இதுவே. அத்துணிகளைக் காட்சிக்கு வைத்து விற்று, வந்ததில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்தனர். அப்பொருளால் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கி, 1966-இல் ஊரமைத்தனர். சோழமண்டலம் ஓவியர் சிற்றூர் அவ்வாறு எழுந்தது, இன்றும் நிற்கின்றது.

பெரிய ஓவியத்தை மாட்டிவிட்டுச் செல்வரை எதிர்பார்த்து அவர்கள் அமர்ந்திருக்கவில்லை. எளியவர் வாங்கத்தக்கதையும் செய்தனர். நம் காட்சியிலும் பாயும் பானையும் மரப்பாவையும் வேண்டும். விற்றது எவ்வளவு, செய்தவர்க்கு எவ்வளவு, படிப்பகத்திற்கு எவ்வளவு என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். 'தொண்டு' என்று சொல்லி ஏழையின் உழைப்பைப் பறிப்பது கொடையன்று. சென்ற முறை குயவர் ஒருவரை வெறுங்கையோடு அனுப்பினோம். அந்த நாணம் எனக்கு இன்னும் தீரவில்லை. நாளைக் காலை அவர் வீட்டிற்குத்தான் முதலில் செல்கிறேன், பழைய கூலியோடு. உடன் வருவோர் படிப்பக வாயிலில் நில்லுங்கள்.