மெரர் எழுதிவைத்த கணக்கு



பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்பது ஒன்றுதான். எகிப்தில், கெய்ரோவை ஒட்டிய கீசாவில் இருக்கும் கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு. கட்டி ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆகிவிட்டன. அடியில் ஒரு பக்கம் சுமார் 230 மீட்டர். கட்டி முடித்தபோது உயரம் 146 மீட்டருக்கும் சற்று மேல். சுமார் 23 லட்சம் கற்கள் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தப் பிரமிடைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கதைகள் கூடவே வந்துவிடும். சாட்டையடி பட்ட அடிமைகள் கட்டினார்கள் என்பது ஒன்று. வேற்றுக் கிரகத்தவர் வந்து கட்டிக்கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே அங்கே உழைத்தவர்களுக்கு இழைக்கும் அநீதி என்பேன். ஏனென்றால், அந்த வேலையில் இருந்த ஒருவர் எழுதிவைத்த கணக்கே நமக்குக் கிடைத்திருக்கிறது.

2013-ல், செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பழையவை அவை. அவற்றுள் ஒரு தொகுதி, மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு. அவருக்குக் கீழே சுமார் 40 பேர் வேலை பார்த்தார்கள்.

ஏட்டின் தலைப்பில் மாதம். அதன் கீழே கோடு போட்டு ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி இடம். நம்மூர் மேஸ்திரி வைத்திருக்கும் ஆள் கணக்கு நோட்டைப் போலத்தான் இருக்கிறது. இன்று தூராவில் கல் ஏற்றினோம், இரவு அங்கேயே தங்கினோம். இன்று படகு ஓட்டினோம். இன்று பிரமிடு போய்ச் சேர்ந்தோம். இப்படியே போகிறது. புகழ்ச்சியும் இல்லை, புலம்பலும் இல்லை.

தூரா, நைல் நதியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போன இடம். பிரமிடின் வெளிப்புறம் முழுக்க அந்தக் கல்லைத்தான் போர்த்தினார்கள். நைலில் வெள்ளம் வரும் காலத்தில், வெட்டிவைத்த கால்வாய்கள் வழியாகப் பிரமிடுக்குப் பக்கத்திலேயே படகைக் கொண்டுவந்துவிடலாம். மெரரின் ஆட்கள் 10 நாளில் இரண்டு மூன்று நடை போய்வந்திருக்கிறார்கள். மன்னரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃப் இந்த வேலையில் பெரிய பொறுப்பில் இருந்தார் என்பதும் அந்த ஏடுகளில் இருக்கிறது. பாலைவனத்தில் எழுந்த அந்தக் கல்மலைக்குப் பின்னால் இருந்தது மந்திரமோ மாயமோ இல்லை. ஆற்றின் போக்கை அறிந்த அறிவும், தவறாத கணக்கும்தான்.

தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரையும் கீசாவில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரொட்டி சுட்ட அடுப்புகள், அவர்கள் உண்ட மாடு, ஆடுகளின் எலும்புகள் எல்லாம் கிடைத்துள்ளன. 1990-ல் அவர்களுடைய கல்லறைகளும் வெளிப்பட்டன. சில எலும்புக்கூடுகளில், முறிந்த கை எலும்பு நேராகக் கூடியிருக்கிறது. யாரோ பத்தை வைத்துக் கட்டிக் குணப்படுத்தியிருக்கிறார்கள். தேய்ந்துபோன முதுகெலும்புகளும் உண்டு. சுகமான வாழ்க்கை என்று சொல்லிவிட முடியாது. அரசனின் ஆணைக்கு மறுப்புச் சொல்லும் காலமும் அது இல்லை. ஆனாலும், மன்னரின் சமாதிக்கு அருகிலேயே தங்களுக்கும் கல்லறை கட்டிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அடிமைகளுக்கு அது கிடைத்திருக்காது.

மெரர் சுமந்து வந்த வெள்ளைக் கற்களில் இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றைப் பிற்காலத்தில் கெய்ரோ நகரத்துக் கட்டடங்களுக்காகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் எழுதிய ஏடு தப்பியது நம் பாக்கியம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரமிடைப் பற்றிச் சொல்லும்போது, கூஃபுவின் பெயரோடு மெரரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.