ஆராய்ச்சிப் பணம் லயத்து வாசலுக்கு வர வேண்டும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, போனஸ் என்று பேசக் கூடுகிற நாம், இன்று ஆராய்ச்சிப் பணத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அரசாங்கம் ஆண்டுதோறும் மருத்துவ ஆராய்ச்சிக்கு மானியம் ஒதுக்குகிறது. அது மக்களின் வரிப்பணம். நாம் கடையில் வாங்கும் சாமானிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே, அந்தப் பணம் என்ன செய்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆராய்ச்சியில் இரண்டு பகுதிகள் உண்டு. நோயின் காரணத்தைக் கண்டறிவது ஒன்று. கண்டறிந்ததை ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் கொண்டுவந்து, நோயாளிக்குப் பயன்படச் செய்வது மற்றொன்று. முதற் பகுதிக்குப் பேரும் புகழும் கிடைக்கின்றன. இரண்டாவது பகுதியில்தான் உயிர் பிழைக்கிறது. இதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. இந்த மண்ணிலேயே இருக்கிறது.

கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டில் அரசாங்கம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தது. அந்நாளில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கால் வீங்கும், நடை தளரும், முடிவில் இருதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக மாண்டனர். ஆனால் தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் மிக அரிது. காரணம் என்ன? நம்மவர் உண்டது புழுங்கலரிசி. அவர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. டாக்டர் பிராடன் என்பவர் இதைக் கவனித்து, அரிசியின் மேல் ஐயம் கொண்டார். 1907-இல் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரிசி உண்டவர்களிடையே நோய் வந்தது. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் இடம் மாறியது. நம் பாட்டிமார் அவித்துக் குத்திய அரிசியில் இருந்த சத்தின் பெருமையை உலகம் அறிந்தது இப்படித்தான்.

அடுத்தது மலேரியா. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரோஸ் என்பவர் 1897-இல் இந்தியாவில், செகந்தராபாத்தில், கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், அரசாங்க மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவை இங்கே செயலாக்கினார். சதுப்பை வடித்தார்கள், புதரை வெட்டினார்கள், வாய்க்கால் தோண்டினார்கள். கிள்ளானிலும் இன்றைய போர்ட் கிள்ளானிலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர். 1902-இல் 59 பேர். செலவிட்டது அரசாங்கப் பணம், பிழைத்தது மக்கள் உயிர்.

இதில் ஒரு பாடம் உண்டு, தோழர்களே. கடற்கரைச் சமவெளியில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. அதே முறையில் மலைப்பக்கத் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் கூடியது! சமவெளிக் கொசு நிழலான சதுப்பில் முட்டையிடுவது. மலைக்கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதே அதற்கு வசதியாகிவிட்டது. ஆகவே அங்கே மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை ஓட்டவும், ஓடைக்கு எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்துக்கு ஆகாமற் போகலாம். அந்தந்த இடத்தில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் பணம் வேண்டும், ஆள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்ற நிலையை மலேசியா 2018-இல் எட்டியது. பெரிய வெற்றிதான். ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலசி மலேரியா நம்மிடையே இருக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சரவாக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காப்பிட் பகுதி மலேரியா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 208 பேரில் 120 பேருக்கு இருந்தது இந்த நோலசிதான். நுண்ணோக்கியில் பார்த்தால் அது சாதுவான வேறொரு மலேரியாவைப் போலவே தெரியும். ஆனால் அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த நோய்க்கு அதிகமாக ஆளாகிறவர்கள் யார்? காட்டோரம் வேலை செய்கிற விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும். கொசுவலை வீட்டுக்குள் காக்கும். இந்தக் கொசுவோ வெளியே, பெரும்பாலும் அந்தி இருட்டிய பிறகு கடிக்கிறது. வேலைக்காட்டில் நிற்பவனை வலை எப்படிக் காக்கும்? காட்டோர லயத்தில் யாரைச் சோதிப்பது, எந்தக் கிளினிக்கில் எந்தச் சோதனைக் கருவியை வைப்பது, காய்ச்சல் கண்டவனை எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது? இவைதாம் இன்று மானியம் பெற வேண்டிய கேள்விகள். ஆய்வுக்கூடத்துக் கேள்விகளைவிட இவை எவ்விதத்திலும் தாழ்ந்தவையல்ல.

எனவே நாம் கேட்பது நான்கு.

முதலாவது, ஆராய்ச்சி மானியத்தில் ஒரு பங்கு, கண்டதைப் பொதுச் சுகாதாரச் சேவையில் செயலாக்குவதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். அறிக்கை அச்சானதும் வேலை முடிந்தது என்று கோப்பைக் கட்டி வைக்கலாகாது.

இரண்டாவது, தோட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சியைத் திட்டமிடும் போதே தொழிலாளர் பிரதிநிதியையும் கலந்துகொள்ள வேண்டும். பிரட்டு எத்தனை மணிக்கு, எந்தக் காட்டில் குரங்கு அதிகம், எந்த ஓடை மழைக்குப் பின் தேங்கி நிற்கிறது என்பது நமக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, நம் இரத்தத்தை எடுப்பதற்கு முன் காரணத்தை நமக்குப் புரிகிற மொழியில் சொல்லி, சம்மதம் பெற வேண்டும். முடிவையும் திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஆராய்ச்சி அறநெறியும் சம்மதத்தை வற்புறுத்துகிறது. இது யாரும் நமக்குப் போடும் பிச்சையல்ல.

நான்காவது, நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளரையும் விட்டுவிடக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டாருக்குக் கட்டணம் அதிகம். அதற்கஞ்சிக் காய்ச்சலோடு லயத்தில் படுத்துக் கிடப்பவனைக் கொசு கடித்தால், அது கடவுச்சீட்டைப் பார்த்தா அடுத்தவனைக் கடிக்கப் போகிறது?

நம் கடமையும் ஒன்று உண்டு. காய்ச்சல் கண்டால் கைமருந்தோடு நில்லாமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போவோம். காட்டோரம் வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்லுவோம். கிராணிமார்களே, காய்ச்சலால் வேலைக்கு வராதவர் கணக்கைத் தனியே குறித்து வையுங்கள். நாளை மானியம் கேட்டு வாதாடும்போது அந்த ஏடே நமக்குச் சாட்சி.

கிள்ளானில் அன்று வாய்க்கால் தோண்டியது மண்வெட்டி பிடித்த கை. வழி காட்டியது ஆராய்ச்சி. செலவுக்குக் கொடுத்தது அரசாங்கம். இம்மூன்றும் கூடியதால்தான் காய்ச்சல் தோற்றது. அவற்றை மறுபடியும் ஒன்றுகூட்டுவதே நம் வேலை. கோரிக்கையை ஒவ்வொரு கிளையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள்.