உடல் முடங்கினாலும் உள்ளம் முடங்காதிருக்க

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் மறுவாழ்வுப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நீங்கள் மனமுவந்து அனுப்பும் காணிக்கை சக்கர நாற்காலியாகவும், ஊன்றுகோலாகவும், செயற்கைக் காலாகவும் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். இன்று கண்ணுக்குத் தெரியாத ஒரு தேவையைக் குறித்துப் பேச விரும்புகிறோம். அது உடல் ஊனத்தோடு வாழ்கிறவர்களின் மனநலம்.

முதுகுத்தண்டில் அடிபட்டு எங்களிடம் வருகிறவர்களில் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்கள் உண்டு. கிணற்றில் விழுந்தவர்களும், சாலை விபத்தில் சிக்கியவர்களும் உண்டு. பலர் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவர்கள். ஒரே நாளில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விடுகிறது. சிறுநீரும் மலமும் தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. நேற்றுவரை பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவரை இன்று மற்றவர்கள் தூக்க வேண்டியிருக்கிறது.

இவர்களுக்கு நாங்கள் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கிறோம். படுத்திருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வரும், சிறுநீரகம் கெடும். இதை வாழ்நாள் முழுவதும் செய்தாக வேண்டும். வாழ வேண்டும் என்ற விருப்பம் இல்லாவிட்டால் யாரால் இதைச் செய்ய முடியும்?

பனையேறும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தம்பி எல்லாப் பயிற்சியையும் நன்றாகக் கற்று வீடு திரும்பினார். எட்டு மாதம் கழித்து ஆழமான புண்ணோடு வந்தார். "புரண்டு படுக்க மறந்துவிட்டதா, தம்பி?" என்று கேட்டோம். "மறக்கவில்லை, சிஸ்டர். யாருக்காகப் புரள வேண்டும் என்று இருந்துவிட்டேன்" என்றார்.

புண்ணுக்குச் சிகிச்சை தொடங்கியது. சிறுநீர்த் தொற்று, தீராத நரம்பு வலி, தூக்கமின்மை ஆகியவையும் மனதை வாட்டும் என்பதால் அவற்றையும் பரிசோதித்தோம். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தார். அந்த மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதைத் தாயாருக்கும் விளக்கினோம். இருபது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஓர் அண்ணன் வாரந்தோறும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் புத்தி சொல்லவில்லை. ஊர்க்கதை பேசினார். மூன்றாம் வாரம் தம்பி வாயைத் திறந்து, "கல்யாண வீட்டுக்குப் போனால் கதீட்டரை எங்கே வைத்துப் போடுவீர்கள், அண்ணா?" என்று கேட்டார். வெளியே போவதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

இப்போது அவர் வீட்டில் ஓலைப்பெட்டி முடைகிறார். சோர்வு முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் அது வரும்போது தாயாரிடம் சொல்லிவிடுகிறார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1954-ல் நேர்ந்த வாகன விபத்தில் அந்த இளம் மருத்துவரின் கால்கள் செயலிழந்தன. டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தால், அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. அவருக்கு விசுவாசம் இருந்தது. அதோடு நல்ல சிகிச்சையும், பயிற்சியும், செய்வதற்கு ஒரு வேலையும், தோள் கொடுத்த நண்பர்களும் இருந்தார்கள். நம் கிராமத்துத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இவை எல்லாம் வேண்டும்.

உங்கள் சபையில் இப்படி ஒருவர் இருந்தால் கவனியுங்கள். சாப்பாடு குறைகிறதா? தூக்கம் கெடுகிறதா? முன்பு விரும்பியவற்றில் நாட்டம் இல்லையா? குடிப்பழக்கம் தொடங்கியிருக்கிறதா? தன் உடலைப் பராமரிப்பதை விட்டுவிட்டாரா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "சாக வேண்டும் போல் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கத் தயங்காதிருங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். 2022-ல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் உதவி எண் 14416. அதில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலும் பேசலாம்.

வீடு சந்திக்கப் போகும்போது, "எந்தப் பாவத்தால் இது வந்ததோ" என்றோ, "விசுவாசம் இருந்தால் நடந்திருப்பாய்" என்றோ தயவுசெய்து சொல்லவேண்டாம். அப்படிக் கேட்டவர்கள் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நாற்காலியைத் தள்ளுகிறவரிடம் பேசாமல், அதில் இருப்பவரிடமே நலம் விசாரியுங்கள். பராமரிக்கும் தாய்க்கோ மனைவிக்கோ ஒரு பிற்பகல் ஓய்வு கொடுங்கள். அவர்களுக்கும் சோர்வு உண்டு.

ஆலயப் படிகளையும் பாருங்கள். ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவுப் பாதை தேவை. கழிப்பறைக் கதவு மூன்றடி அகலம் இருந்தால் நாற்காலி நுழையும். இரண்டு மூட்டை சிமென்ட் செலவில் ஒருவர் மறுபடியும் சபையாரோடு உட்கார முடியுமானால், அதுவும் சிகிச்சைதான்.

நண்பர்களே, புண்ணுக்கான மருந்துக்குக் கொடுப்பவர்கள் பலர். வீடு தேடிச் சென்று பேசும் ஆலோசகரின் பயணச் செலவுக்கும், அந்த அண்ணனைப் போன்றவர்கள் வந்துபோகும் ஆட்டோ செலவுக்கும் கொடுக்க முன்வருகிறவர்கள் குறைவு. இவ்வாண்டு உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியை அதற்கென்று குறித்து அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.