பண்டம் வந்த வழி



பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களின் பெயர்களை அடுக்குவதோடு அமையவில்லை. குதிரை கடல்வழி வந்ததையும், மிளகு மூட்டை நிலவழி வந்ததையும், சுங்கத்தார் புலிப்பொறி இட்டதையும் சேர்த்தே சொல்கிறார். வந்த வழியும் பாட்டின் பொருளாயிற்று. பிற்காலக் கவிதை பண்டத்தை வைத்துக்கொண்டு வழியை விட்டுவிட்டது. அவ்வாறு விடுபட்ட வழிகளுள் ஒன்று பக்கிங்காம் கால்வாய்.

1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், முதலில் காக்ரேன் என்னும் வணிகரின் பெயரைத் தாங்கியது. 1837இல் அரசு அதனைக் கையேற்றது. பின்னர் வடக்கே கிருஷ்ணைக் கால்வாய்களையும் தெற்கே மரக்காணத்தையும் தொட்டு, கடலோடு இணைகோடாய் ஓடிற்று. விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் இதன் வழியே நகரத்துக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரியும். வாய்க்காதபோது ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். ஆழமற்ற இடத்தில் கோல் ஊன்றுவர். ஓர் இணை மாடு வண்டியில் இழுக்கும் சுமையினும் பன்மடங்கை நீரின்மேல் ஓரிருவர் இழுத்துவிடலாம். விரைவு இல்லை, செலவும் இல்லை.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி, 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில் வெட்டப்பட்டது. வெட்டியவர் பசித்தவர். அப்பஞ்ச நிவாரணப் பணிகளில் ஒரு கட்டத்தில் ஆடவர்க்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே கூலி. கால்வாய்க்கு மட்டும் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கிடைத்தது! இராயபுரத்திலிருந்து 1856இலேயே ரயில் புறப்பட்டிருந்தது. பஞ்ச நாளில் அது தானியம் சுமந்து வந்ததும் உண்மை. ஆயினும் அவ்வாண்டுகளில் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. பண்டம் பசியை நாடிச் செல்வதில்லை. விலையை நாடியே செல்கிறது. ரயிலாயினும் ஓடமாயினும் இது மாறாது.

பின்பு ரயிலும் லாரியும் சுமையைக் கவர்ந்துகொண்டன. 1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 2008இல் இதன் வட, தென் பகுதிகள் தேசிய நீர்வழி 4இல் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே, 1990களில், சென்னையின் பறக்கும் ரயிலுக்கான தூண்கள் கால்வாயின் உள்ளேயே ஊன்றப்பட்டுவிட்டன. பஞ்சத்தார் வெட்டிய அப்பகுதியில், தூண்களின்மேல் மக்கள் ஏறும் ரயில் போகிறது. கீழே தேங்கிய நீரில் சுமை ஏதும் நகர்வதில்லை.