மேடையேறும் பெண்களுக்கு ஏற்ற எடைப்பயிற்சி



கட்டழகர் போட்டி என்றதும் பலருக்கு ஆண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், பெண்களுக்கான மிஸ் ஒலிம்பியா போட்டி 1980ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. காலப்போக்கில் அதில் தசைப் பருமன் கூடிக்கொண்டே போனது. அதனால், அளவான தசையுள்ள பெண்களுக்கென 'பிசீக்' என்ற தனிப் பிரிவு உருவானது. ஒலிம்பியா மேடையில் இப்பிரிவு முதன்முதலாக 2013இல் இடம்பெற்றபோது அமெரிக்காவின் டானா லின் பெய்லி வாகை சூடினார்.

இப்பிரிவில் நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அகன்ற தோள், இடுப்பை நோக்கிக் குறுகி வரும் முதுகு, அவற்றுக்கு ஈடான தொடை. ஒரு பாகம் மட்டும் மிகுந்து நின்றால் பொருத்தம் கெடும். ஆகவே, முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என உடலைப் படமெடுத்து, பின்தங்கிய பாகம் எது என்று முதலில் கண்டறிய வேண்டும்.

அடித்தளமாக அமைய வேண்டியவை பல தசைகளை ஒருசேர இயக்கும் பயிற்சிகள். தொடைக்கு ஸ்குவாட், பின்தொடைக்கும் பிட்டத்துக்கும் டெட்லிஃப்ட், முதுகின் அகலத்துக்குப் புல் அப், தோளுக்கு எடையைத் தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகியவை போதும். அதன்பின், குறையுள்ள பாகத்துக்கு மட்டும் தனிப்பயிற்சி சேர்க்கலாம். தோள் குறுகலாகத் தெரிந்தால், டம்பெல்லைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியை வாரம் இருமுறை செய்யலாம்.

கனமான எடை தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவோம் என்று அஞ்சத் தேவையில்லை. பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. போட்டி நெருங்கும்போது எடையைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுவோரும் உண்டு. அது சரியன்று. கொழுப்பைக் கரைப்பது உணவுக் கட்டுப்பாடு; தசையைக் காப்பது கனமான எடை. உடல் சோர்ந்தால் சுற்றுகளைக் குறைக்கலாம். எடையை இயன்றவரை விட்டுவிடக் கூடாது.

மிக முக்கியமான ஒன்று. கடும் உணவுக் கட்டுப்பாட்டில் மாதவிலக்கு நின்றுபோனால், அதைக் கட்டுப்பாட்டின் வெற்றியாகக் கொள்ளக் கூடாது. உடலுக்குச் சக்தி போதவில்லை என்பதன் அறிகுறி அது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலவீனமடையும். இளவயதில் இழந்த எலும்பு வலிமை முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். அந்நிலையில் உடனே மருத்துவரை நாட வேண்டும். போட்டி அடுத்த ஆண்டும் வரும். எலும்போ, வாழ்நாள் முழுவதும் உடலைத் தாங்க வேண்டும்.