அப்பாவுக்குத் தெரியாம ஒரு மாத்திரை

மெயில்ல வந்த கேள்வி: “அப்பாவுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்க, குடியை நிறுத்துற மாத்திரையை டாக்டர் எழுதித் தருவாரா?”

தரக்கூடாது. டைசல்ஃபிரம் சாப்பிட்டவர் குடிச்சா அசிட்டால்டிஹைடு உடம்புல தேங்கும். வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைக்கும் ஆபத்து இருக்கு. விஷயமே தெரியாதவர் எப்படி ஜாக்கிரதையா இருப்பார்?

சட்டமும் இதைத்தான் கேட்குது. சமீரா கோலி வழக்கில், உயிருக்கு அவசரம் இல்லாதப்போ மயக்கத்தில் இருந்த மகளுக்காக அம்மா குடுத்த சம்மதம் செல்லாதுன்னு 2008-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. தானே முடிவெடுக்கக்கூடிய அப்பாவுக்காக நாம தலையாட்ட முடியாது. எழுதிக் குடுத்து ஏதாவது ஆச்சுன்னா, டாக்டரும் பதில் சொல்லணும்.

அப்பாகிட்ட பேசுறது கஷ்டம்தான். ஆனா அவரையே கூட்டிட்டுப் போங்க. அவர் சம்மதிச்சா, தினம் கூட இருந்து மாத்திரையை எடுத்துக் குடுங்க. அப்படிக் குடுத்தாதான் பலன் அதிகம்.